யாங்சொம்முக்கு அண்ணன் இல்லை

நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், கல்லூரிக் கன்ரீனில் தேநீர் வரிசையில் நின்றபோது வத்சலா அந்தப் படத்தைக் கண்டாள். யாரோ மேசையில் விட்டுப்போன மாணவர் பத்திரிகை நடுப்பக்கத்தில் விரிந்து கிடந்தது. கம்பளி மேலங்கியும் இரட்டைப் பின்னலுமாக, சீனாவில் சந்தித்த திபெத்தியப் பெண் யாங்சொம் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே அவளுடைய பெயர், வயது, அவள் படிக்கும் ஊர் எல்லாம் இருந்தன. மேலே பெரிய எழுத்தில் தலைப்பு: 'எனக்கு அண்ணன் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.' எழுதியவர் பியற்றிஸ் யாக்கோப்பு.

வத்சலா வரிசையை விட்டு விலகி நின்றபடியே வாசித்தாள். இரண்டாவது பந்தியில் ஒரு வசனம் அவளை நிறுத்தியது. 'அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். என்னைப் பார்த்திருந்தால் பேசியிருக்க மாட்டாள்.' ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் அது வத்சலாவின் வசனம். அவள் தன் கொப்பியில், தமிழில், தனக்காக எழுதிவைத்த வசனம்.

அந்தக் கோடையில், 1992 ஆகஸ்ட்டில், தென் லண்டனில் ஸ்ட்ரெதமிலிருந்த அவர்களுடைய கல்லூரியிலிருந்து பதினான்கு மாணவர்கள் ஐந்து வாரம் சீனாவுக்குப் போய் வந்திருந்தார்கள். கலாசாரப் பரிமாற்றம் என்று அதற்குப் பெயர். பெய்ஜிங், சியான், லான்ஜோ, அங்கிருந்து பஸ்ஸில் திபெத்தியர்கள் வாழும் மலைப்பக்கம். லான்ஜோவில் இருந்த ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அவர்களை வரவேற்றது. அந்தக் கல்லூரி மாணவர்கள் அடுத்த ஏப்ரலில் லண்டனுக்கு வருவதாக ஏற்பாடு. குழுவைக் கூட்டிப்போனவர் டொக்டர் பிரெஸ்கட் என்ற விரிவுரையாளர். ஐம்பது வயதுப் பெண்மணி. பதினான்கு பேரில் இரண்டு பேர் தமிழர் என்று கண்டதும், "நீங்கள் இருவரும் ஒரே அறையில் இருக்கத்தான் விரும்புவீர்கள்" என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

இருவருமே விரும்பவில்லை. பியற்றிஸின் தாய் தகப்பன் மன்னாரிலிருந்து வந்தவர்கள். அவள் நான்கு வயதில் வந்து லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் வளர்ந்தவள். வத்சலா யாழ்ப்பாணத்திலிருந்து வள்ளமேறி, மண்டபம் முகாமில் பதினொரு மாதம் இருந்து, பதினாறு வயதில் தாயோடு லண்டன் வந்தவள். இப்போது லண்டனின் மிச்சம் என்ற பகுதியில் இருந்தாள். பெய்ஜிங் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே இருவருக்கும் ஒத்துவராமல் போயிற்று. வத்சலா விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்பிச் சுடுதண்ணீர் வைப்பது பியற்றிஸுக்குப் பிடிக்கவில்லை. பியற்றிஸ் தன் ஈர உடுப்புகளை வத்சலாவின் கட்டிலுக்கு மேலே கொடி கட்டிக் காயவிடுவது வத்சலாவுக்குப் பிடிக்கவில்லை. வத்சலா பெட்டிக்குள் ஒரு போத்தல் மிளகாய்த்தூள் கொண்டு வந்திருக்கிறாள் என்று பியற்றிஸ் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தாள். ஒரு கிழமையில் அந்தப் போத்தல் பாதியாகக் குறைந்திருந்தது. வத்சலா தொட்டது கால்வாசி கூட இல்லை.

சியானில் கலை நிகழ்ச்சிக்கு "இலங்கை நடனம்" ஒன்று வேண்டும் என்று பிரெஸ்கட் கேட்டார். இரண்டு பேருக்கும் ஆடத் தெரியாது. கடைசியில் பியற்றிஸ் மேடையேறித் தமிழில் ஒரு ஞானப்பாட்டுப் பாடினாள். நல்ல குரல். ஆனால் உச்சரிப்பில் வெள்ளைக்காரத்தனம் இருந்தது. ஆங்கில எழுத்தில் எழுதிப் பாடமாக்கியிருக்கிறாள் என்று வத்சலா நினைத்தாள். பியற்றிஸுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று அவள் முடிவு செய்தது அன்றைக்குத்தான். அதனால் கொப்பியை ஒளித்துவைக்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

மலைப்பக்கம் போனபோது ஒரு விசித்திரம் நடந்தது. லாப்ராங் மடத்தைச் சுற்றி வந்த திபெத்தியப் பெண்கள் வெள்ளைக்காரப் பிள்ளைகளை விட்டுவிட்டு வத்சலாவின் கையைப் பிடித்தார்கள். "கியகர்? கியகர்?" என்று கேட்டார்கள். இந்தியாவா என்று கேட்கிறார்கள் என்று கூட வந்த யாங்சொம் சொன்னாள். கறுத்த நிறத்தைப் பார்த்து யாராவது மகிழ்ந்தது வத்சலாவின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இந்தியாவில் அவள் கண்டது முகாமின் தகரக் கூரையும் தண்ணீர் லொறியும்தான் என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? சும்மா தலையாட்டினாள். பியற்றிஸ் தன் கையையும் நீட்டி, "ஸ்ரீலங்கா" என்று சொல்லிப் பார்த்தாள். அவர்களுக்கு விளங்கவில்லை. அவளுடைய கையையும் பிடித்தார்கள்தான், ஆனால் வத்சலாவுக்குப் பிறகு.

யாங்சொம் அந்தப் பயிற்சிக் கல்லூரியில் ஆங்கில மொழிபெயர்ப்புப் படிப்பவள். குழுவுக்குத் துணையாக அனுப்பப்பட்டிருந்தாள். லான்ஜோவுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் எட்டு மணித்தியாலம். அவள் வத்சலாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக் களையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "உனக்குச் சகோதரர்கள் உண்டா?" என்று யாங்சொம் கேட்டாள். வத்சலா உண்மையைச் சொன்னாள்; ஏன் சொன்னாள் என்று அவளுக்கே பின்னாலும் விளங்கவில்லை. அந்த ஊரில் தன்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்ற துணிச்சலாக இருக்கலாம். அண்ணை எண்பத்துநாலில் ஆயுதம் ஏந்திய இயக்கத்துக்குப் போனதையும், லண்டனில் அகதி விண்ணப்பம் நிரப்பியபோது, அது தெரிந்தால் மறுத்துவிடுவார்கள் என்று மாமா அண்ணையின் பெயரை எழுத விடாததையும் சொன்னாள். 'சகோதரர்கள்' என்று இருந்த கட்டத்தில் கோடு போட்டுவிட்டார்கள்.

யாங்சொம் நெடுநேரம் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, "நானும் கோடுதான் போட்டேன்" என்றாள். அவளுடைய அண்ணன் துறவி. மூன்று வருடங்களுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது ஒரு காது கேட்கவில்லை. அப்படிப்பட்ட அண்ணன் இருக்கிறான் என்று தெரிந்தால் கல்லூரியில் இடம் கிடைத்திருக்காது. அண்ணன் இல்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் சேர்ந்தாள்.

அன்றைக்கு ஹோட்டலில் வத்சலா எல்லாவற்றையும் எழுதினாள். யாங்சொம்மின் பெயரையும் எழுதினாள். பட்டப்படிப்பின் கடைசி வருட ஆய்வுக்கு அந்தக் கொப்பிதான் ஆதாரம் என்பதால் ஆட்கள், இடங்கள், தேதிகள் எல்லாம் ஒழுங்காக எழுத வேண்டும் என்று பிரெஸ்கட் சொல்லியிருந்தார்.

*

கன்ரீனிலிருந்து நேரே பிரெஸ்கட்டின் அறைக்குப் போனாள். அவருடைய மேசையிலும் பத்திரிகை இருந்தது.

"அருமையாக எழுதியிருக்கிறாள்" என்றார் பிரெஸ்கட். "நம் பயணத்திலிருந்து இப்படி ஒன்று வந்ததில் எனக்குப் பெருமை."

"இது லான்ஜோவுக்குப் போகக்கூடாது" என்றாள் வத்சலா.

"வெள்ளிக்கிழமையே போய்விட்டது. பயணப் படங்களோடு பத்துப் பிரதிகள் அனுப்பினோம். ஒவ்வொரு வருடமும் அனுப்புவதுதான்."

"அதில் உள்ளதை நீங்கள் வாசிக்கவில்லையா?"

"தலைப்பைத்தான் பார்த்தேன். இன்றைக்குத்தான் முழுதாக வாசித்தேன்." அவருடைய முகம் கொஞ்சம் மாறியது. உடனே சமாளித்துக்கொண்டார். "ஒரு மாணவர் பத்திரிகையை அங்கே யார் உட்கார்ந்து வாசிக்கப் போகிறார்கள், வத்சலா? நீ எல்லாவற்றையும் உன் நாட்டுக் கண்ணால் பார்க்கிறாய்."

"அங்கே ஆங்கிலம் படிக்கிற முன்னூறு பேர் வாசிப்பார்கள்."

"பியற்றிஸுக்குக் கிடைத்த பெயரைப் பார்த்து உனக்குக் கசப்பு என்று நினைக்கிறேன்" என்றார் பிரெஸ்கட். "இருவருக்கும் ஒத்துவரவில்லை என்று அங்கேயே கவனித்தேன்."

வத்சலா கதவைச் சாத்தாமலே வெளியே வந்தாள்.

*

தோர்ண்டன் ஹீத் குளத்தடியில் 109ஆம் நம்பர் பஸ்ஸிலிருந்து இறங்கி, பியற்றிஸின் வீட்டுக்குப் போய் மணியடித்தாள். பின்னேரம் நாலரை மணி. கதவைத் திறந்தவர் பியற்றிஸின் தாய் அருமைநாயகி. தடித்த கண்ணாடி போட்டிருந்தார். அந்தக் கண்ணாடியோடும் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்துதான் பார்த்தார்.

"ஆர் பிள்ளை?"

"வத்சலா, அன்ரி. பியற்றிஸோட சைனாவுக்குப் போனனான்."

"உள்ளுக்கு வாரும். அவ மேல நிக்கிறா. இப்ப வருவா. எனக்குப் பைபிள் வாசிக்கிற நேரம்."

முன்னறை மேசையில் பெரிய எழுத்துப் பைபிள் விரிந்திருந்தது. தமிழ்ப் பைபிள். வத்சலா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆர் அன்ரி வாசிக்கிறது?"

"அவதான். எனக்குக் கண் சரியாத் தெரியாது. பத்து வயசிலயிருந்து ஒவ்வொரு நாளும் அவதான் வாசிச்சுத் தாறவ. இஞ்ச வளந்த பிள்ளையளில இப்பிடி வாசிக்கிற பிள்ளை இல்லை எண்டு ஃபாதரும் சொல்லுறவர்."

பியற்றிஸ் படியிறங்கி வந்து வாசலில் நின்றாள். ஏன் வந்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"என்ர கொப்பியை எப்ப எடுத்தனீர்?" என்று கேட்டாள் வத்சலா.

பியற்றிஸ் ஆங்கிலத்தில் தொடங்கினாள். "அம்மாவுக்கு முன்னால் வேண்டாம்."

"தமிழில கதையும். வாசிக்கத் தெரிஞ்ச ஆளுக்குக் கதைக்கவும் தெரியும்தானே."

பியற்றிஸின் முகம் சிவந்தது. தமிழில் பேசினாள். வேகம் குறைந்தது. ஆனால் தடுமாற்றம் இல்லை.

"லான்ஜோவில. நீர் குளிக்கப் போன நேரம். கட்டிலில திறந்து கிடந்தது. வாசிச்சனான். அடுத்த நாள் ஹோட்டல் ஒபிஸில போட்டோக்கொப்பி எடுத்தனான். ரெண்டு பக்கம்."

"ஏன்?"

"நீர் அதை என்ன செய்யப் போறீர்? ஆய்வுக்கு ஒரு அடிக்குறிப்பு. அவ்வளவுதான். இதை ஆக்கள் அறிய வேணும். நீர்தான் முதல் ஆளா இதை விளங்கியிருக்க வேணும். எங்கட ஆக்களுக்கு நடந்ததை ஒருத்தரும் எழுதேல்லை எண்டு நீர்தானே சாப்பாட்டு மேசையில எல்லாருக்கும் கத்தினனீர்."

"எழுதச் சொன்னன். பேரைப் போட்டு, படத்தைப் போட்டு, படிக்கிற இடத்தைப் போட்டுக் காட்டிக்குடுக்கச் சொல்லேல்லை."

"பேரில்லாம எழுதினா ஆர் நம்புவினம்? அந்தக் கொப்பியில பேரை எழுதினது நான் இல்லை. நீர். நான் வாசிச்சது மட்டும்தான்."

 இங்கே வரும் வழியில் வத்சலா தனக்குத்தானே சொல்லாமல் வைத்திருந்த வார்த்தையை இவள் சொல்லிவிட்டாள். பியற்றிஸ் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"உம்மட அண்ணையைப் பற்றியும் அதில கிடந்தது. அதை நான் எழுதேல்லைத்தானே. அகதி விண்ணப்பத்தில ஹோம் ஒபிஸுக்குப் பொய் சொன்னது தெரிய வந்தா உங்களுக்குப் பிரச்சினை வரும் எண்டு அதை விட்டிட்டன். அதையும் யோசியும்."



"அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் வத்சலா. அவள் அறியாமலே 'நீர்' போய் 'நீ' வந்திருந்தது. "எந்தப் பேரைப் போட்டா என்ன நடக்கும் எண்டு உனக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுகொண்டு, மிச்சத்தில இருக்கிற ஆளை விட்டிட்டு, லான்ஜோவில இருக்கிற ஆளைப் போட்டிருக்கிறாய்."

 

அருமைநாயகி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். மகள் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"பேரை ஏன் போட்டனீ?" என்று கேட்டார்.

"உங்களுக்கு இது விளங்காது, அம்மா."

"பேர் போட்டா என்ன நடக்கும் எண்டு எனக்கு விளங்காதோ? நாங்கள் ஏன் இஞ்ச வந்தனாங்கள்?"

பியற்றிஸ் படியேறிப் போனாள். மேலே கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. அருமைநாயகி தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். வத்சலா நிற்கவில்லை.

*

மூன்று நாள் வத்சலா வகுப்புக்குப் போகவில்லை. அம்மாவிடம் தடிமனும் காய்ச்சலும் என்று சொன்னாள். அம்மா இரண்டு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். அவரிடம் அண்ணையைப் பற்றித் தொடங்கினால் வீடே நின்றுவிடும். தனியே இருந்து யோசித்தாள். லான்ஜோவில் அந்தப் பத்திரிகையை யாராவது பிரிக்க எத்தனை நாள் எடுக்கும்? பிரித்த பிறகு யாங்சொம்மைக் கூப்பிட்டு என்ன கேட்பார்கள்? உண்மையா என்று கேட்பார்கள். அவள் பொய் என்பாள். அவளுடைய சொல்லைத் தவிர அவளுக்குச் சாட்சி இல்லை.

நான்காம் நாள் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினாள். பஸ்ஸில் யாங்சொம்முக்குப் பக்கத்தில் இருந்தது தான்தான், பியற்றிஸ் அல்ல. யாங்சொம் தன் குடும்பத்தைப் பற்றி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. தான் பெற்றோருக்கு ஒரே பிள்ளை என்றுதான் சொன்னாள். அவளுக்கு அண்ணன் இல்லை. கட்டுரையில் வந்தது முழுவதும் பிழை. இதை முதல் பக்கத்தில் போட வேண்டும், லான்ஜோவுக்கும் உடனே அறிவிக்க வேண்டும்.

கடிதத்தைக் கொடுத்த அன்றே கல்லூரி அவளுக்கு எதிராகத் திரும்பியது. அதற்குள் சில மாணவர்கள் யாங்சொம்மின் படத்தைப் பெரிதாக்கி, கீழே திபெத் விடுதலைக் கோஷங்கள் எழுதி, தாழ்வாரமெல்லாம் ஒட்டியிருந்தார்கள். ஒரு கூட்டத்துக்கும் நாள் குறித்திருந்தார்கள். வத்சலா அந்தப் படங்களைக் கிழித்தாள். ஒரு பையன் அவளுடைய கையைத் தட்டிவிட்டான். பயணத்தில் கூட வந்தவர்களே கன்ரீனில் அவள் இருந்த மேசையை விட்டு எழும்பிப் போனார்கள். அவளுடைய லொக்கரில் யாரோ 'கோழை' என்று சிவப்பு மையால் எழுதியிருந்தார்கள். சீன அரசாங்கம் அவளுக்குப் படிப்புச் செலவு கொடுப்பதாக ஒரு கதையும் உலாவியது. அவள் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஒன்றை மறுத்தால் மற்றதையும் விளக்க வேண்டி வரும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரணை வைத்தார்கள். மாணவர் சங்க அறையில் நீண்ட மேசை. தலைமையில் பிரெஸ்கட். பக்கத்தில் பத்திரிகை ஆசிரியர் மார்க், மூன்றாம் வருட மாணவன். எதிரெதிரே வத்சலாவும் பியற்றிஸும். ஜன்னலடியில் ஏழெட்டு மாணவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"கட்டுரைக்கு ஆதாரம் என்ன?" என்று மார்க் பியற்றிஸைக் கேட்டான். "நீ நேரில் பேட்டி எடுத்ததாகத்தான் எனக்குச் சொன்னாய்."

"பேட்டி எடுத்தது வத்சலா" என்றாள் பியற்றிஸ். "அதை நான் மறைத்தது பிழை. ஆனால் விஷயம் உண்மை. அவளுடைய கையெழுத்திலேயே இருக்கிறது." பையிலிருந்து இரண்டு போட்டோக்கொப்பித் தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

 கொப்பியின் அந்தப் பக்கங்களை வத்சலா வீட்டில் கிழித்து அழித்துவிட்டாள். பிரதியைப் பியற்றிஸ் கல்லூரிக்குக் கொண்டு வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை. அதன் முதல் பாதியில் யாங்சொம்மின் அண்ணன். இரண்டாவது பாதியில் தன் அண்ணை, அவரது முழுப்பெயர், இயக்கம், மாமா போட்ட கோடு.

மார்க் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதில் ஒரு எழுத்தும் எனக்குத் தெரியாது. யார் வாசிப்பது?"

"எழுதியவளே வாசிக்கட்டும்" என்றார் பிரெஸ்கட். "பியற்றிஸ் பார்த்துக்கொண்டிருக்கட்டும்."

தாள் வத்சலாவின் முன்னால் வந்தது. பியற்றிஸ் எழும்பி வந்து அவளுடைய தோளுக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய சென்ற் வாசனை வத்சலாவுக்கு அடித்தது. ஐந்து வாரம் ஒரே அறையில் பொறுத்துக்கொண்ட வாசனை.

வத்சலா விரலை முதல் வரியில் வைத்து ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். "காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். பாதை ஆற்றோரமாகப் போகிறது. தண்ணீர் மண்நிறம். யாங்சொம் எனக்குப் பக்கத்தில் இருந்தாள்." அதுவரை உண்மை. அடுத்த வரியில் விரல் போனது. "அவளுக்குச் சகோதரர்கள் இல்லை. ஒரே பிள்ளை. வீட்டில் எல்லோரும் அவளைச் செல்லமாக வைத்திருக்கிறார்கள். தகப்பன் ஆடு வளர்க்கிறார். படித்து முடித்ததும் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியாக வேலை செய்ய ஆசைப்படுகிறாள்."

 ஒவ்வொரு வரியிலும் விரல் சரியான நேரத்துக்கு நகர்ந்தது. இரண்டாவது பாதிக்கு வந்தபோது அண்ணையின் பெயர் விரலுக்குக் கீழே கிடந்தது. தன்னுடைய கையெழுத்தில், முழுதாக. அந்த இடத்தில் மட்டும் நின்றுவிட்டாள். ஐந்தாறு விநாடி இருக்கும்.

"என்ன?" என்றார் பிரெஸ்கட்.

"எழுத்து மங்கலாக இருக்கிறது" என்றாள். "ஒரு இடத்தில் பஸ் நின்றது. பாலும் ரொட்டியும் சாப்பிட்டோம். எனக்குத் தலையிடி." முடித்துவிட்டுத் தாளைத் தள்ளி வைத்தாள்.

ஜன்னலடியில் யாரோ, "பொய்" என்று சொன்னது கேட்டது.

"பியற்றிஸ்?" என்றார் பிரெஸ்கட். "அதில் இருப்பது அதுதானா?"

பியற்றிஸ் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மார்க் பொறுமையிழந்து, "இதற்கு ஏன் இவ்வளவு பாடு? கிரொய்டன் கவுன்சிலில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். தாளை நாளைக்கே அனுப்பினால் ஒரு கிழமையில் தெரிந்துவிடும்" என்றான். பிரெஸ்கட் அது நல்ல யோசனை என்று குறித்துக்கொண்டார்.

வத்சலா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனிச் செய்ய ஒன்றும் இல்லை. கவுன்சில் மொழிபெயர்ப்பாளர் யாராக இருந்தாலும் மிச்சத்திலோ தோர்ண்டன் ஹீத்திலோ இருக்கிற ஒருவர்தான். யாங்சொம்மும் போய், அண்ணையும் போய், அம்மாவுடைய விசாவும் போகும்.

"அனுப்ப வேண்டாம்" என்றாள் பியற்றிஸ். மேசையில் கிடந்த இரண்டு தாள்களையும் எடுத்தாள். "எனக்கு அச்செழுத்துத்தான் நன்றாகத் தெரியும். பைபிள் வாசித்துப் பழகியது. கையெழுத்து சரியாக வராது. சில சொற்களை ஊகித்தேன். இப்போது அவள் வாசிக்கக் கேட்டால், நான் ஊகித்தது பிழை என்று தெரிகிறது."

"முழுக் கட்டுரையையும் ஊகித்தாயா?" என்று மார்க் கேட்டான்.

"ஓம்" என்றாள் பியற்றிஸ். தமிழில் சொல்லிவிட்டது அவளுக்குத் தெரியவில்லை. பிறகு ஆங்கிலத்தில், "ஆமாம். நல்ல கதையாக வர வேண்டும் என்று" என்றாள். தாள்களை நான்காகக் கிழித்துத் தன் பைக்குள் போட்டாள். ஒருவரும் தடுக்கவில்லை. எல்லோரும் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே படிக்கட்டில் வத்சலா அவளை எட்டிப் பிடித்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல், "பியற்றிஸ்" என்று மட்டும் கூப்பிட்டாள்.

"உமக்காகச் செய்தனான் எண்டு நினைக்காதேயும்" என்றாள் பியற்றிஸ். அவளுடைய கண்கள் காய்ந்துதான் இருந்தன. "அம்மா ஒரு கிழமையா என்னோட கதைக்கேல்லை. பைபிளையும் மூடி வச்சிட்டா. நான் உண்மையைத்தான் எழுதினனான். அது உமக்கும் தெரியும். இப்ப நான் பொய்க்காரி. நீர் நல்ல பிள்ளை. இனி என்னோட ஒரு நாளும் கதைக்க வராதேயும்."

*

மறுப்பு முதல் பக்கத்தில் வந்தது. பரிமாற்றம் கெட்டுப்போகக்கூடாது என்பதற்காக பிரெஸ்கட் அதை அன்றே லான்ஜோவுக்கு ஃபக்ஸ் செய்தார். பியற்றிஸைப் பத்திரிகையிலிருந்து நீக்கினார்கள். கோடை விடுமுறையில் ஒரு வாரப் பத்திரிகையில் அவளுக்குப் பயிற்சி இடம் தருவதாக இருந்தவர்களும் கடிதம் எழுதி மறுத்துவிட்டார்கள். செய்தியாளர் ஆவதைத் தவிர வேறு ஒன்றையும் நினைக்காதவள் அவள்.

வத்சலாவைப் பிரெஸ்கட் தனியே கூப்பிட்டார். "நீ அன்றைக்குப் பொய் எழுதினாயா, அல்லது இன்றைக்குப் பொய் வாசித்தாயா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. ஆனால் அந்தக் கொப்பியை வைத்து ஆய்வு செய்ய நான் விடமாட்டேன்." வத்சலா மிச்சத்துச் சில்லறைக் கடைகளைப் பற்றி அவசர அவசரமாக ஓர் ஆய்வு எழுதிக் கொடுத்தாள். அதற்குக் கிடைத்த புள்ளிகள் மேற்படிப்புக்குப் போதவில்லை. சுவரொட்டி ஒட்டியவர்கள் கடைசி வரை அவளோடு பேசவில்லை.

ஏப்ரலில் லான்ஜோவிலிருந்து ஒன்பது மாணவர்கள் வந்தார்கள். யாங்சொம் அவர்களில் இல்லை. வரவேற்பில் கோழிப் பொரியலும் தோடம்பழச் சாறும் வைத்திருந்தார்கள். குழுத் தலைவர் வத்சலாவைத் தேடி வந்து கை கொடுத்தார். "உண்மையைச் சொன்ன மாணவி நீங்கள்தானே. எங்கள் கல்லூரி நன்றியுடன் இருக்கிறது" என்றார். அவருடைய கை சூடாக இருந்தது. கையை உருவிக்கொள்ள முடியாமல் அவள் சிரித்தாள். கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக பியற்றிஸ் நின்று அதைப் பார்த்தாள். பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

குழுவில் வந்த ஒரு பெண் கோழியைத் தின்றபடி தயங்கித் தயங்கிச் சொன்னாள். யாங்சொம்மை ஜனவரியில் மொழிபெயர்ப்புப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். முதலில் பல நாள் விசாரித்தார்கள். லண்டனிலிருந்து மறுப்பு வந்த பிறகு விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தப் படிப்பைத் தொடர விடவில்லை. இப்போது தன் ஊர்ப்பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள்.

"அவளுடைய வீட்டில்?" என்று வத்சலா கேட்டாள். "வீட்டில் எல்லோரும் சுகமா?"

"அவளுக்கு அப்பா அம்மா மட்டும்தானே. அவர்கள் சுகம்" என்றாள் அந்தப் பெண்.

வத்சலா தட்டை வைத்துவிட்டு ஓடினாள். ஸ்ட்ரெதம் ஹை ரோட்டு பஸ் தரிப்பில் பியற்றிஸ் குடையில்லாமல் தூறலில் நின்றாள். ஐந்து மாதமாக இருவரும் ஒரு சொல் பேசவில்லை.

"யாங்சொம்மைப் பிடிச்சு வைக்கேல்லை, வெளியிலதான் இருக்கிறா" என்றாள் வத்சலா. "ஒரு பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறா. தமையனுக்கும் ஒண்டும் நடக்கேல்லைப் போல."

பியற்றிஸ் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மொழிபெயர்ப்புப் படிப்பு?"

"அதிலயிருந்து எடுத்துப்போட்டினம்."

"அவவுக்கு அதுதானே வேணும் எண்டு இருந்தது. இங்கிலீஷுக்காகத்தானே தமையனையே இல்லை எண்டு எழுதினவ."

"ஓம்."

"அந்த ஆள் உமக்குக் கை தந்ததைப் பாத்தன்" என்றாள் பியற்றிஸ். "நல்லா இருந்துதோ?"

வத்சலா அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். 

"நான் பேரைப் போட்டன். நீர் பேரை எழுதினீர்" என்றாள் பியற்றிஸ். "ரெண்டு பேரும் செய்த வேலை. நீர் உம்மட பங்கை வச்சுக்கொள்ளும். என்ர பங்கு என்னட்ட இருக்கு."

109 வந்தது. பியற்றிஸ் ஏறி மேல்தட்டுக்குப் போனாள். ட்ரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வத்சலாவைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவளுடைய பஸ் 118. அதற்கு இன்னும் நேரம் இருந்தது.